பார்படோஸ்: "குளம் மாதிரிக் கடல்" என்பது எவ்வளவு உண்மை?

கேள்வி: 2024 செப்டம்பர் 14

டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு பார்படோஸ் போகிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 5 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. கரீபியன் கடல் குளம் மாதிரி, நீச்சல் தெரியாதவர்கூடத் தைரியமாக இறங்கலாம் என்கிறார் அலுவலக நண்பர். எனக்குக் கடப்பாரை நீச்சல்தான். மகனுக்கு உட்கார்ந்து மிதக்கக் காற்றடைத்த குதிரை ஒன்று வாங்கிவிட்டேன். வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

செப்டம்பர் 14, இரவு

உங்கள் நண்பர் மேற்குக் கரையில் விடுதி எடுத்துத் தங்கி, அங்கிருந்தே திரும்பி வந்தவராக இருப்பார். அவர் சொன்னது பாதி சரி.

பார்படோஸ் 34 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 23 கிலோமீட்டர். இந்தக் கையளவு தீவுக்கு இரண்டு கடல்கள். மேற்கே ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே, முல்லின்ஸ் பக்கம் தண்ணீர் சோம்பலாகக் கிடக்கும். அங்கே எந்த நேரமும் இறங்கலாம். கிழக்கே பத்ஷீபா. அதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே தடுக்க ஒரு துண்டு நிலம் கிடையாது. அட்லாண்டிக் முழுவதும் ஓடிவந்த அலை அங்கேதான் வந்து மோதுகிறது. அலைச்சறுக்கு வீரர்கள் அதை 'சூப் கிண்ணம்' என்று கொண்டாடுகிறார்கள். நீங்களும் நானும் அந்தக் கிண்ணத்தில் காய்கறி.

தெற்குக் கரை இரண்டுக்கும் நடுவில். அக்ரா, டோவர் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், கொடி பறக்கும். சிவப்பு என்றால் இறங்காதீர்கள். மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; அதன்பிறகு கொடி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

மேற்கிலிருந்து கிழக்கே போகக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலையில் குளத்தில் குளித்த தைரியத்தை அப்படியே மதியம் கிழக்கே எடுத்துப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

செப்டம்பர் 15

அந்தக் காற்றுக் குதிரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

மேற்குக் கரை ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, தீவு அதை மறைத்து நிற்கிறது. அதாவது மேற்குக் கரையில் நிற்பவனுக்குக் காற்று முதுகுப் பக்கம். நிலத்திலிருந்து கடலை நோக்கி. கரையோரத்தில் அது உறைக்காது. ஐம்பது மீட்டர் தள்ளிப் போனதும் பொம்மையைப் பிடித்துக்கொள்ளும். கனமில்லாத பொம்மை, மேலே பாய் மாதிரி ஒரு கழுத்து, உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் பையன். நேர் மேற்கே அடுத்த நிலம் செயின்ட் வின்சென்ட், சுமார் 160 கிலோமீட்டர்.

பெய்ன்ஸ் பேயில் இப்படி ஒரு அன்னத்தைப் பார்த்தேன். நல்லவேளை, அதில் ஆள் இல்லை. அதன் சொந்தக்காரர் துரத்தி நீந்தினார். பாதியில் நின்று யோசித்தார். திரும்பி வந்துவிட்டார். அன்று நான் பார்த்த ஒரே புத்திசாலி.

உடம்போடு வார் போட்டுக் கட்டும் உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். பிள்ளையின் எடைக்கு ஏற்றது, கால்களுக்கு நடுவே பட்டை உள்ளது. கையில் மாட்டும் காற்றுப்பைகள் விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, மறுபடியும்

"இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு ஏதாவது நடந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, மேட்டில் நின்று கயிற்றைப் பிடித்தபடி திட்டும் பெரியப்பா. எட்டு வயதில் மோட்டார் மேடையிலிருந்து குதித்தேன். அந்தப் பெருமை நாற்பத்து மூன்று வயதிலும் போகவில்லை.

போன ஜூன் மாதம் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்காக டொரண்டோவிலிருந்து போனோம். போட்டி சனிக்கிழமை, 29ஆம் தேதி. வெள்ளிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் தென்கிழக்கே கிரேன் கடற்கரைக்குப் போனோம். லேசான இளஞ்சிவப்பு மணல், பின்னால் செங்குத்துப் பாறை. இடமும் வலமும் அலை நுரைத்து உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு அலையே இல்லை. கரும்பச்சையாக, வழவழப்பாக, பாதை போட்டதுபோல் இருந்தது. புத்திசாலித்தனமாக யோசித்து அங்கே இறங்கினேன்.

அலை கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும் அல்லவா? மணல்திட்டில் எங்கே பள்ளமோ அங்கே சேர்ந்து வெளியே ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. நான் "அமைதி" என்று பார்த்தது கடலின் வடிகால்.

மார்பளவு தண்ணீரில் நின்றேன். அடுத்த காலடிக்குத் தரை இல்லை. கரையை நோக்கித் தவளை நீச்சல் போட்டேன். இடப்பக்கம் ஒரு பாறை, அதன் மேல் ஒரு காய்ந்த செடி. ஐந்து நிமிடம் நீந்தியும் அந்தச் செடி இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு மெதுவாக முன்னால் நகர ஆரம்பித்தது. செடி எப்படி நகரும், நான் பின்னால் போகிறேன் என்று புரிந்தபோது கைகள் கல்லாகிவிட்டன. கிணற்றில் நான்கு பக்கமும் சுவர் இருக்கும். களைத்தால் படியைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த நினைப்பில்தான் முப்பத்தைந்து வருடம் நீந்தியிருக்கிறேன்.

குட்டைப் பலகையில் படுத்து விளையாடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன், பதினான்கு வயது இருக்கும், கையைப் பக்கவாட்டில் காட்டிக் காட்டிக் கத்தினான். கரையைப் பார்க்காதே, அந்தப் பக்கம் போ என்கிறான். மல்லாந்து படுத்தேன், மூச்சு வந்தது. பிறகு கரைக்கு இணையாக, நுரை இருந்த பக்கம் நகர்ந்தேன். எந்த அலைக்குப் பயந்து இந்தப் பாதையில் இறங்கினேனோ, அதே அலை என்னைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது.

கரையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒரு வாக்கியம் சொன்னார். அந்த ஊர்ப் பழமொழியாம்: கடலுக்குக் கொல்லைப்புறக் கதவு கிடையாது. காசு வாங்காமல் ஒரு இளநீரும் கொடுத்தார்.

செப்டம்பர் 17

திருத்தம். மேலே எழுதியதை மனைவி படித்தாள். "ஐந்து நிமிடமா? இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் தொப்பியைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள் நீங்கள் கரையில் கிடந்தீர்கள்" என்கிறாள். இருக்கலாம். என் கணக்கில் ஐந்து.

இன்னொரு திருத்தம் முக்கியமானது. "கரைக்கு இணையாக நீந்துங்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் என்னைக் காப்பாற்றியது அது இல்லை, அதற்கு முன்னால் மல்லாந்து படுத்ததுதான். அந்த நீரோட்டம் நொடிக்கு இரண்டு மீட்டரைக்கூடத் தாண்டக்கூடியது. ஒலிம்பிக் வீரனாலும் எதிர்த்து ஜெயிக்க முடியாது. ஆனால் அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளுகிறது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் வேகம் செத்துவிடும். மூழ்குகிறவர்கள் எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குகிறார்கள். ஆகவே வரிசை இது: மித, மூச்சு விடு, கை தூக்கிக் காட்டு. தெம்பு இருந்தால் பக்கவாட்டில் நகரு.

கடப்பாரை நீச்சல்காரரே, டிசம்பருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மல்லாந்து மிதக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். நான்கைந்து வகுப்புகள் போதும். கை வீசும் அழகெல்லாம் அப்புறம்.

செப்டம்பர் 22

பார்படோஸ் கடற்கரையில் விஷ மரம் இருக்கிறதாமே, வதந்தியா என்று கேட்டவருக்கு. ஆம், வதந்தி இல்லை. மான்சினீல். கடற்கரையிலேயே வளரும், நல்ல நிழல், பச்சையாகச் சின்ன ஆப்பிள் மாதிரிப் பழம் கீழே உதிர்ந்து கிடக்கும். முதல் கடி இனிக்கும் என்று கடித்துப் பிழைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு தொண்டை வெந்துவிடும். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலும் போதும், இலையில் இருந்து சொட்டும் தண்ணீரிலேயே விஷம் கரைந்து வரும். விறகாக எரித்தால் புகை கண்ணைப் பதம் பார்க்கும்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. பிச்சாவரம் போனவர்களிடம் படகுக்காரர் தில்லை மரத்தைக் காட்டி, பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று எச்சரிப்பார். மான்சினீலும் தில்லையும் ஒரே குடும்பம், கள்ளியும் அதே குடும்பம். சிதம்பரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் நடமாட்டமுள்ள கடற்கரைகளில் அடிமரத்தில் சிவப்பு வண்ணப் பட்டை அடித்திருப்பார்கள், அல்லது பலகை வைத்திருப்பார்கள். எல்லா மரத்துக்கும் இருக்காது. உங்கள் ஐந்து வயது மகளிடம் ஒரே விதி சொல்லுங்கள்: கடற்கரையில் கீழே கிடக்கும் எந்தப் பழத்தையும் தொடக் கூடாது. தென்னை நிழல் பரவாயில்லை, தேங்காய் விழாத இடமாகப் பாருங்கள்.

செப்டம்பர் 23

ராணுவப் புள்ளி (கமோஃப்ளாஜ்) போட்ட உடை எதையும் கொண்டுபோகாதீர்கள். தொப்பி, பை, குழந்தைச் சட்டை எதுவாக இருந்தாலும் சட்டப்படி அங்கே பொதுமக்களுக்குத் தடை.

அக்டோபர் 6

"மெரினா வெயிலில் வளர்ந்தவனுக்குச் சன்ஸ்கிரீன் எதற்கு?" என்று ஒருவர் நக்கல் செய்கிறார். வரைபடத்தைப் பாருங்கள் ஐயா. பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 13 டிகிரி வடக்கு. அதே சூரியன். வித்தியாசம் காற்றில். சென்னையில் வெயில் உறைத்ததும் நிழலுக்கு ஓடுவீர்கள்; அங்கே குளுகுளுவென்று காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வெந்துகொண்டிருப்பது தெரியாது. தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து மீன் பார்ப்பவர்களுக்கு முதுகு, பின்னந்தொடை. நான் இரண்டு இரவு குப்புறப் படுத்துத் தூங்கினேன். முழுக்கைப் பனியனோடு தண்ணீரில் இறங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மெரினா பற்றிப் பேச்சு வந்ததால்: அங்கே கால் நனைக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரிப்பதும் உண்டு. உங்கள் அம்மா சேலையில் முழங்காலளவு நின்றாலும் கிரேன் மாதிரி இடத்தில் ஒரே அலை உருட்டிவிடும். நனைந்த பருத்திச் சேலை எழுந்திருக்க விடாது. அலைக்கு முகம் கொடுத்து நிற்கச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 20

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. மேற்குக் கரையில் "எந்த நேரமும் இறங்கலாம்" என்றேன். தவறு. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எங்கோ புயல் அடித்தால் அதன் பேரலை பல நாள் பயணம் செய்து வடக்கிலிருந்து வந்து மேற்குக் கரையையும் பதம் பார்க்கும். நீங்கள் போவது டிசம்பர் என்பதால் சொல்கிறேன். குளம் கலங்கியிருந்தால் அன்று நீந்த வேண்டாம், பல்லாங்குழி ஆடுங்கள்.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஜூன் பயணத்தில், சனிக்கிழமை இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது, கத்தித் தொண்டை போனது, அந்த எல்லைக்கோட்டுக் கேட்சை என் கண்ணால் பார்த்தேன் என்று பேரனுக்குச் சொல்வேன். (உண்மையில் முன்னால் இருந்தவர் எழுந்து நின்றார், நான் பார்த்தது அவருடைய முதுகை.) ஞாயிற்றுக்கிழமை பெரில் சூறாவளி வருகிறது என்று கடைகளுக்குப் பலகை அடித்தார்கள். விமான நிலையம் மூடப்பட்டது. கோப்பை ஜெயித்த அணியும் நாங்களும் ஒரே தீவில் சிறை. அவர்களுக்குத் தனி விமானம் வந்தது, எங்களுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை பெரில் தெற்கே தள்ளிக் கடந்துபோனது, கிரெனடாவின் கரியாக்கூ தீவைச் சூறையாடியது. பார்படோஸில் கடல்தான் பொங்கியது. மீன்பிடிப் படகுகள் ஏராளமாக நொறுங்கின. எனக்கு மறக்காதது செவ்வாய்க்கிழமை. வானம் கழுவித் துடைத்ததுபோல் நீலம். நல்ல வெயில். கடல் மட்டும் இன்னும் கோபம் தணியாமல் பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. எங்கள் விடுதியில் இருந்த இரண்டு இளைஞர்கள் துண்டோடு கிளம்பினார்கள், வானம் தெளிந்துவிட்டதாம். கிரேன் கதையைச் சொல்லி உட்காரவைத்தேன். கதையில் அப்போது பத்து நிமிடம் என்று சொன்னேன் போலிருக்கிறது.

சூறாவளிக் காலம் கணக்குப்படி ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பர்க்காரர்கள் அதற்குப் பயப்பட வேண்டாம்.

நவம்பர் 9

ஒருவர் தனிமடலில் எழுதினார். அவருடைய சித்தப்பா மகன் அணையில், நண்பனைக் காப்பாற்றக் குதித்தவன். இருவருமே வரவில்லை. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன்.

மூழ்குகிறவர் கத்துவார், கை வீசுவார் என்று நினைக்கிறோம். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பவருக்கு மூச்சு வாங்கவே நேரமில்லை, எங்கே கத்துவது? தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஏணி ஏறுவது போலத் தெரியும். சத்தமே இருக்காது. பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடும்வரை பயமில்லை. சத்தம் நின்றால் உடனே திரும்பிப் பாருங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். "நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்" என்பதுதான் பெரிய ஆபத்து. எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் துண்டு. அது யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் அந்த அரை மணி நேரத்துக்குக் காவல். மகள் சொன்ன யோசனை.

பின்னால் குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள்: மூடிய காலிக் கேன், பனிக்கட்டிப் பெட்டியின் மூடி, பந்து. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களைக் கரைக்கு இழுத்தார்கள். நினைத்துப் பாருங்கள், வெட்கத்தையும் பார்க்காமல். உங்கள் அம்மாவின் சேலையைப் பற்றி நான் மேலே எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

பார்படோஸில் ஆம்புலன்ஸ் 511, போலீஸ் 211. கைப்பேசியில் இப்போதே போட்டுவையுங்கள்.

டிசம்பர் 1

நீச்சலை விட்டுக் கொஞ்சம் கரையேறுவோம், எல்லாரும் சோறு பற்றிக் கேட்கிறீர்கள்.

இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், கணக்கு சுலபம். பஸ் எங்கே போனாலும் மூன்றரை பார்படோஸ் டாலர். வெள்ளை வேனில் அரக்குப் பட்டை போட்டவை 'இசட் ஆர்'. பத்துப் பேர் இடத்தில் இருபது பேர், காதைக் கிழிக்கும் பாட்டு. நம் ஊர் ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்குப் பழகிய வீடு. நிறுத்தங்களில் ஊர்ப்பெயருக்குப் பதில் "நகரத்துக்கு", "நகரத்திலிருந்து" என்று இரண்டே வகைப் பலகை. வண்டி ஓட்டுவது இடப்பக்கம்.

தேசிய உணவு கூகூவும் பறவைக்கோலா மீனும். நாகப்பட்டினத்துக்காரர்களுக்குக் கோலாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூகூ என்பது மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டிய களி. அம்மா சைவம் என்றால் மக்ரோனி பை, பொரித்த வாழை, ஈரப்பலாக்காய். மஞ்சள் நிறத்தில் ஒரு மிளகாய்ச் சாறு மேஜைமேல் இருக்கும், கடுகு கலந்தது. "நமக்கா காரம்?" என்று கரண்டியில் அள்ளாதீர்கள். நான் அள்ளினேன்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ரம் குடித்தால் அன்றைக்குக் கடல் கிடையாது.

டிசம்பர் 15

அம்மாவை எங்கே குளிக்கவைப்பது என்று கேட்டீர்கள்.

விடியற்காலை, கார்லைல் விரிகுடா, பெபிள்ஸ் கடற்கரை. ஆறு மணிக்குப் போங்கள். உள்ளூர்க் கிழவர்களும் கிழவிகளும் கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில் அது தினசரி வழக்கம். அவர்கள் நிற்கும் இடத்தில் நிற்கலாம், அவர்கள் போகாத இடத்துக்குப் போக வேண்டாம். எந்தக் கொடியையும்விட இது நம்பகமான அடையாளம். பக்கத்தில் கேரிசன் பந்தயத் திடலின் குதிரைகளைக் குளிப்பாட்டக் கொண்டுவருவார்கள். குதிரை நீந்தும்போது உடம்பு முழுவதும் உள்ளே, நீண்ட தலை மட்டும் வெளியே, ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்குத் துவாரத்திலிருந்து தண்ணீர் பொட்டுப் பொட்டாகச் சிதறும். என் மகள் அதற்குப் பிறகு ஆமையைக்கூடப் பெரிதாக மதிக்கவில்லை.

ஆமைகளும் அங்கேயே உண்டு, பழைய கப்பல் சிதைவுகளும். தொடாதீர்கள். கறுப்பு முள்ளெலி போல் பாறையிடுக்கில் இருக்கும் கடல் அர்ச்சினை மிதிக்காமல் இருக்க ரப்பர்ச் செருப்பு போடுங்கள். நகையைக் கழற்றி அறையில் வையுங்கள். மினுக்கினால் சீலா மீன் கிட்டே வந்து பார்க்கும். அதைவிட நிச்சயமான நஷ்டம், தண்ணீரில் விரல் சுருங்கும். என் மனைவியின் வலது கால் மெட்டி கார்லைல் விரிகுடாவில்தான் இருக்கிறது.

பத்ஷீபாவையும் பார்க்காமல் வராதீர்கள். நீந்த அல்ல. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குட்டைகள் தேங்கும், தொட்டி மாதிரி உட்காரலாம். எப்போது எந்தக் குட்டையில் என்று அங்கே இருப்பவரைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கேள்வி கேட்டவர்: 2025 ஜனவரி 5

போய்த் திரும்பிவிட்டோம். எனக்கு மல்லாந்து மிதக்க வருகிறது, நாற்பது விநாடி. இரண்டு நாள் மேற்குக் கரையில் அலை பெரிதாக இருந்தது, நீங்கள் சொன்னபடி இறங்கவில்லை. அம்மா பெபிள்ஸில் அந்த ஊர்க் கிழவிகளோடு சேர்ந்து நின்றுவிட்டார். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. பத்ஷீபா குட்டையிலிருந்து அவரை எழுப்பத்தான் அரை மணி நேரம் ஆனது. ஒரே சேதம், மகனின் பென்சில் டப்பாப் பை ராணுவப் புள்ளி போட்டது என்பதைக் கவனிக்கவில்லை. விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். அழுதான்.

ஜனவரி 5, இரவு

டப்பாப் பையை நான் பட்டியலில் சேர்க்கவில்லை, என் பிழை. மெட்டி எங்காவது கண்ணில் பட்டதா?